மைக்கைக் கேள்வி கேட்ட வாத்தியார்

யுத்தம் முடிந்து ரேஷன் முடியாமல் இருந்த வருஷம் அது. மந்தைவெளியில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், ஒரு வாரம் போல, தினமும் காலையில் ஒரு பித்தளைத் தவலைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நான் பருவக்காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். புத்தி சுவாதீனத்தில்தான் இருந்தது. அதுதான் இன்னும் வெட்கம்.

காரணம் இருந்தது. வானொலியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக மத்தியான வேளையில் நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு நாள் பூகோளம் பேச என்னை அழைத்திருந்தார்கள். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். செய்தி தெரிந்ததும் எங்கள் டிராயிங் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, நம் குரல் நமக்குக் கேட்கிற மாதிரி ரேடியோவில் பிறருக்குக் கேட்காது, தவலைக்குள் பேசிப் பார்த்தால்தான் உண்மைக் குரல் தெரியும் என்று ரகசியம் சொன்னார். அவர் வானொலி நிலையத்தின் வாசலைக்கூடப் பார்த்தவரில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நம்பினேன். என் குரலைப் பற்றி யார் எது சொன்னாலும் நம்புகிற ரகம் நான். தவலைக்குள் அது பிரமாதமாகத்தான் இருந்தது. கோயில் மணி ஒன்று பூகோளம் படித்துவிட்டு வந்து பேசுகிற மாதிரி. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வந்ததும் என் மனைவி வந்து தவலையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். அத்தோடு அன்றைய ஒத்திகை முடியும்.

இந்த ஆர்ப்பாட்டத்துக்கெல்லாம் பெருமை மட்டும் காரணமில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. முக்கால்வாசி பெருமைதான். பாக்கிக் கால்வாசிக்கு வேறு சங்கதி உண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று ரேடியோ கிடையாது. ரேடியோ இல்லாத பள்ளிக்கூடத்து வாத்தியாரை ரேடியோவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என் பேச்சை ஊரெல்லாம் கேட்கும், என் பையன்கள் மட்டும் கேட்கமாட்டார்கள் என்ற நிலை. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்த ஒரு பாயின் மகன் என் வகுப்பில் படித்தான். பாயின் தம்பி ரங்கூனில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். அவரைப் பற்றித் தகவல் ஏதாவது வருமா என்று யுத்த காலம் முழுவதும் பாய் ஒரு ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தபடியே கிடந்தார். தம்பி எப்படியோ பத்திரமாக ஊர் வந்து சேர்ந்ததும், பாய்க்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே அலுப்பாகிவிட்டது. நான் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இனிமேல் அது தனக்கு என்ன புதுசாகச் சொல்லிவிடப் போகிறது, பிள்ளைகளாவது கேட்கட்டும் என்று அன்றைக்கே கைவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அது வந்து இறங்கிய நாள் எனக்கு மறக்காது. நான் பாடம் எடுத்த ஐந்தாவது பாரம் வகுப்பில் பாதிப் பேர் ரேடியோவை ஓட்டல் வாசலில் நின்று, விரட்டுகிறவரைக்கும் கேட்டவர்கள். கிட்டத்தில் பார்த்ததில்லை. வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள். பெட்டியின் உச்சி வெதுவெதுப்பாக இருக்கிறதென்று ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள், ஏதோ பசுங்கன்றைத் தொட்டவர்களைப் போல. அப்போதே எனக்குத் தீர்மானமாகிவிட்டது, இந்தப் பெட்டி இங்கேயே இருக்க வேண்டும் என்று.

எங்கள் தலைமை ஆசிரியருக்கோ நேர் எதிரான தீர்மானம். அவர் நல்லவர். ஆனால் புதுப் பொருள் எதுவாக இருந்தாலும் அது பையன்களைக் கெடுப்பதற்கென்றே புறப்பட்டு வந்திருக்கிறது என்று நினைப்பவர். பவுண்டன் பேனாவையே வெகுகாலம் சந்தேகித்தவர். ஒரு மாதம் சோதனை என்று சொல்லித்தான் பெட்டியை ஹாலில் வைக்கச் சம்மதித்தார்.

சோதனை எங்கள் பக்கம் சாயவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று பாரங்களையும் ஹாலில் அடைத்து உட்கார வைப்போம். ஜன்னலிலிருந்து வேப்பமரம் வரை ஏரியல் கம்பி. பெட்டி சூடாகி, கனைத்து, பேச ஆரம்பிக்கும். பையன்கள் தூங்க ஆரம்பிப்பார்கள். ஒரு நாள் ஒரு துரை இங்கிலீஷில் எரிமலையைப் பற்றிப் பேசினார். எரிமலை வெடிக்கிற கட்டம் வந்தபோது வெளியே டிராம் வண்டி போயிற்று. டிராமின் மின்சாரத்தில் பெட்டி கடகடவென்று இரைந்தது. அந்த ஒரு கட்டம்தான் பையன்களுக்குப் பிடித்திருந்தது. அது துரையின் கைவேலை என்று நினைத்து, மறுபடி வருமா என்று கேட்டார்கள். மற்ற நேரமெல்லாம் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். தலைமை ஆசிரியர் பின்னால் கை கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே உலாவி, சாய்ந்த தலைகளைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டு போவார்.

மாதக் கடைசியில் என் பேச்சு வந்தது. அதற்கு முதல் நாள் அவர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஓய், நாளைக்கு உம்ம பேச்சோட சரி. பையன்கள் முழிச்சுண்டு கேட்டா, நிர்வாகக் கமிட்டியிலே சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு பெட்டி வாங்கித் தரேன். வாங்கற வரைக்கும் இது இருக்கட்டும். தூங்கினாளோ, நாளைக்கே இது போயாகணும். பாய்க்குச் சொல்லி அனுப்பியாச்சு. வண்டியோட வந்து காத்திண்டிருப்பார்."

என் பேச்சு ஹாலில் ஒலிக்கும்போதே பெட்டியை ஏற்றிப் போக வாசலில் வண்டி நிற்கும் என்பது தெரிந்து பேசுவது எப்படிப்பட்ட தைரியத்தைக் கொடுக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மறுநாள் பஸ் பிடித்து எழும்பூரில் இருந்த நிலையத்துக்குப் போனேன். பேச்சை நான் முன்னாலேயே எழுதி அனுப்பியிருந்தேன். அவர்கள் அதைப் பார்த்துத் தட்டெழுதி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளைஞர், மிகவும் மரியாதை தெரிந்தவர், என்னை ஒரு மூடிய அறைக்கு அழைத்துப் போய் மைக்கின் முன்னால் உட்கார வைத்தார். காகிதம் சலசலக்கக் கூடாது, இருமக் கூடாது, மேஜையைத் தட்டக் கூடாது என்றார். மேஜையைத் தட்டாமல் எப்படிப் பூகோளம் சொல்வது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

"முக்கியமா ஒண்ணு சார். என்ன ஆனாலும் பேச்சு நிக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் சத்தம் இல்லேன்னா, நிலையமே நின்னுபோச்சுன்னு ஜனங்க நெனச்சுடுவாங்க."

தலையாட்டினேன். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த அறையில், ஒரு பெரிய கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அந்த மாதிரி ஒரு மௌனத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை. சுவரெல்லாம் துணி, தரையெல்லாம் ஜமுக்காளம் போலக் கனமான விரிப்பு. காலையில் சாப்பிட்ட சாம்பார் வயிற்றில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. தவலையின் கம்பீரம் எங்கே போயிற்றோ. சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் பக்கம் நன்றாகவே போயிற்று. என் தவறு, நிமிர்ந்து பார்த்ததுதான். எந்த வாத்தியாரும் நாலு வாக்கியத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து வகுப்பைப் பார்ப்பான். அது அவன் கழுத்துக்கே வந்துவிட்ட பழக்கம். நானும் பார்த்தேன். வகுப்பு இல்லை. ஒரு முகம்கூட இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்த இளைஞர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தேன். விட்ட வரி கிடைக்கவில்லை. எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இதற்குள் நாலு தலை சாய்ந்திருக்கும், பாயின் வண்டிக்காரன் கயிற்றை அவிழ்த்திருப்பான் என்று தோன்றியது. என்ன ஆனாலும் நிற்கக் கூடாதே! காகிதத்தை விட்டேன். வகுப்பில் எப்படிச் சொல்வேனோ, அப்படிச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் வகுப்புகளில் பாடம் நடக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். வாத்தியார் வாக்கியத்தை முக்காலுக்குச் சொல்லி நிறுத்துவார். மீதியை வகுப்பு சேர்ந்து சொல்லும். நானும் இப்படித்தான் கற்றேன், இப்படித்தான் கற்பித்தேன். அது எனக்கு மூச்சு மாதிரி. ஆகவே, ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, நான் மைக்கைப் பார்த்து அதட்டலாக இப்படிச் சொன்னேன்:

"வெயில்ல கடல் தண்ணி சூடானா என்ன ஆகும்? நீரா...?"

நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

பதில் வரவில்லை. பதில் வராமல் மேலே போவதில்லை என்பது என் கொள்கை. நிஜமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் நான் இருந்தது எழும்பூரில் இல்லை, ஐந்தாவது பாரத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளைஞர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன, சத்தத்தையே காணோம்? கடைசி பெஞ்ச்! என்ன தூக்கம்? நீரா...?"

மறுபடியும் காத்திருந்தேன். பிறகு, வராத பதிலை வந்ததாகப் பாவித்து, "ம், அப்படிச் சொல்லு. அந்த நீராவி எங்கே போகும்? மேலே...?" என்று நிறுத்தினேன். இப்படியே போயிற்று. மேகம் முக்காலுக்கு வந்து நின்றது. வடகிழக்கிலிருந்து காற்று பாதி வழி வந்து பதிலுக்குக் காத்திருந்தது. இளைஞர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி விரலால் வட்டம் வட்டமாகச் சுற்றிக் காட்டினார். நிறுத்தாமல் மேலே போங்கள் என்று அதற்கு அர்த்தமாம். எனக்கு யார் சொன்னார்கள்? பூகோளம் பேசுகிறவன் எதிரில் ஒருவர் விரலைச் சுற்றினால் அவன் வேறென்ன நினைப்பான்? புயலைப் பற்றியும் சொல்லச் சொல்கிறார் போலும் என்று எண்ணி, எழுதிக்கொடுத்த பேச்சில் இல்லாத புயலை வரவழைத்தேன். "காத்து எப்படிச் சுத்தும்? விரலால காட்டு பார்ப்போம்" என்றேன். காட்டுவதற்கும் நேரம் கொடுத்தேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. இளைஞர் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது.

"யார்கிட்ட சார் கேட்டீங்க?"

"பையன்கள்கிட்ட."

"எந்தப் பையன்கள்?"

நான் மைக்கைக் காட்டினேன். அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலதிகாரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார் என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார் பாவம், நோயாளியை அனுப்புகிற மாதிரி.

திரும்பி வந்த பஸ் பிரயாணம் போல நீளமான பிரயாணம் நான் பண்ணினதில்லை. கமிட்டி, பெட்டி எல்லாம் போகட்டும். வரிசையில் நின்று அதன் உச்சியைத் தொட்டுப் பார்த்த அந்தக் கைகள்தான் கண்ணில் நின்றன. பெட்டியைக் காப்பாற்ற ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள். முழு வாக்கியம் ஒன்றைப் பேசக்கூட எனக்குத் துப்பில்லை. இனி அந்த ஹாலில் எந்த முகத்தோடு நுழைவது?

லஸ்ஸில் இறங்கி நடந்தேன். பள்ளிக்கூடத்துத் தெரு திரும்பும்போது எதிரே ஒரு கைவண்டி வந்தது. அன்றைக்குப் பெட்டியைக் கொண்டுவந்த அதே வண்டிக்காரர். ஆனால் வண்டி காலி. இதற்குள் பாய் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பெட்டியை ஜாக்கிரதையாக இறக்கினாரா என்று கேட்டேன்.

"எந்தப் பொட்டி, சார்? நான் ஏத்தவே இல்லியே. பாய் இவ்ளோ நேரம் நிக்க வெச்சுட்டு வோணாம்னு திருப்பி அனுப்சிட்டாரு."

"ஏன்?"

"இன்னா கேக்குற நீ? உள்ள பசங்க கூரை பறக்கற மாரி கத்திகினு இருந்துதுங்க. பொட்டிகிட்ட எவன் போவான்?"

கலகம் என்று முடிவு செய்துவிட்டேன். என் பேச்சைக் கேட்டுப் பையன்கள் கலகம் செய்திருக்கிறார்கள். அந்த வயசில் நான் இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன். ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

ஹாலில் பையன்கள் யாரும் இல்லை. டிரில் செய்ய மைதானத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு எதிரே முதல் பெஞ்சில், மாணவர்களைப் போல, தலைமை ஆசிரியரும் பாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று, மன்னிக்க வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"முதல்லே உள்ளே வாரும், ஓய்" என்றார் தலைமை ஆசிரியர். "அங்கேர்ந்து உமக்குக் கேட்டுதா?"

"என்ன கேட்டுதா?"

"பையன்கள் சொன்னது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாய்தான் சொன்னார். ஆரம்பத்தில் வழக்கம்போலப் பிள்ளைகள் கண் சொருக ஆரம்பித்தார்களாம். ஹெட்மாஸ்டர் ஜாடை காட்ட, பாய் வண்டிக்காரரைக் கூப்பிடத் திரும்பினாராம். அப்போது பெட்டிக்குள்ளிருந்து என் அதட்டல் வந்தது: நீரா? பழக்கம் என்பது என்ன சாமானியமா? மூன்று பாரமும் தூக்கத்திலிருந்தபடியே ஒரே குரலாக "வி" என்றதாம். சொல்லிவிட்டு, தாங்களே திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தார்களாம். அது போதாதென்று நான் கடைசி பெஞ்சைக் கூப்பிட்டேனா? அங்கே நிஜமாகவே ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். விருட்டென்று எழுந்து கைகட்டி நின்றவன், பேச்சு முடிகிறவரைக்கும் உட்காரவில்லை.

"நீர் அவனை உக்காருன்னு சொல்லவே இல்லையே, ஓய்" என்றார் தலைமை ஆசிரியர் வருத்தத்தோடு. "நான் சொன்னேன். கேக்கலை. சார் சொல்லணும்னுட்டான்."

நான் நிறுத்திய இடத்திலெல்லாம் அவர்கள் முடித்திருக்கிறார்கள். நான் "ம், அப்படிச் சொல்லு" என்றபோது, தங்கள் குரல் எழும்பூர் வரை எட்டிவிட்டதென்றே நம்பி, அடுத்ததை இன்னும் பலமாகக் கத்தியிருக்கிறார்கள். புயல் வந்தபோது ஹால் முழுக்க விரல்கள் சுற்றின என்றார் பாய், தாமும் சுற்றிக் காட்டிக்கொண்டே.

"யுத்தம் பூரா நான் இந்தப் பொட்டி முன்னால குந்திகினு இருந்தேன், வாத்தியார் சார். அது சொல்லும், நான் கேப்பேன். என் தம்பி எங்கடான்னு நான் கேட்டா அது எங்க கேட்டுது? இன்னிக்கித்தான் சார், பொட்டி நம்மளக் கேட்டு, நாம சொல்றதுக்கு நின்னுச்சு."

பிறகு குறும்பாக என் பக்கம் சாய்ந்து, "ஹெட்மாஸ்டர் சாரும் சொன்னாரு" என்றார்.

"என்ன சொன்னார்?"

"வி."

தலைமை ஆசிரியர் கனைத்தார். பிறகு, பூகோளத்தில் ஒரு பதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது தப்பு என்றார். கமிட்டிக்கு அடுத்த வாரமே எழுதினார். பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பெட்டி வந்து, பாயின் பெட்டி மரியாதையோடு வீடு திரும்பியது. கடைசி பெஞ்சுப் பையனை மைதானத்தில் தேடிப் பிடித்து உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நான் அன்று வீட்டுக்குக் கிளம்பினேன்.

வானொலிக்காரர்கள் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் சில மாதம் கழித்து ஆசிரியர் கூட்டம் ஒன்றில், தியாகராய நகரில் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்கிற ஓர் அம்மாள் என்னிடம் வந்து, அந்தப் பேச்சு நான் பேசியதுதானா என்று விசாரித்தார். அவர்கள் பள்ளியிலும் பெண்கள் பதில் சொன்னார்களாம். வெட்கப்பட்டு முதலில் மெதுவாகச் சொன்னார்களாம். நான் சத்தத்தையே காணோம் என்று அதட்டியதும் பலமாகச் சொன்னார்களாம். எங்களைப் பார்த்துக்கொண்டே பேசின மாதிரி இருந்தது சார் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது, எனக்குத் தெரியாத எத்தனை ஹால்களில் எத்தனை பிள்ளைகள் என் வாக்கியங்களைத் தூக்கி நிறுத்தினார்களோ என்று நினைத்துப் பார்த்தேன். நான் வெறும் மௌனம் என்று பயந்து செத்த இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் வகுப்பில் கேள்வி கேட்டுப் பதில் வராமல் நிற்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்காத தூரத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இவ்வளவு ஞானமும் பின்னால் வந்தது. பேச்சு நடந்த அன்று சாயங்காலம், தலைமை ஆசிரியர் 'வி' சொன்ன களிப்பில் நான் வீட்டுக்குள் நுழைந்தேன். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் ரேடியோ உண்டு. என் மனைவி அங்கே போய் முழுவதும் கேட்டிருந்தாள். காபியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். எப்படி இருந்தது என்று நானாகவே கேட்டேன்.

"நன்னாத்தான் இருந்தது" என்றாள். "கல்யாணம் ஆன நாளா, இன்னிக்குத்தான் நீங்க ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, எதிராளி பதில் சொல்ற வரைக்கும் சும்மா இருந்தேள்."